சின்னம்மா வீட்டுக்கு ஒரு பயணச்சீட்டு

இலண்டனுக்குப் போய்த் திரும்பிய நாளிலிருந்து ஆசிரியர் அறையில் என்னிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்றே ஒன்றுதான். பிக் பென் எப்படி இருந்தது, குளிர் எப்படி இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. "டீச்சர், டிக்கெட் எவ்வளவுக்குக் கிடைத்தது?" என்றுதான் கேட்கிறார்கள். பெற்றோர் சிலரும் கேட்டுவிட்டனர். பிள்ளைகள் அங்குப் படிக்கிறார்கள் அல்லது படிக்கப் போகிறார்கள் என்பதால் அவர்களின் கேள்வியில் ஒரு கவலையும் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்வதைவிட எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது. விலையை மட்டும் சொன்னால் ஒரு வரியில் முடிந்துவிடும். ஆனால், அந்த விலைக்குப் பின்னால் எங்கள் குடும்பத்துக் கதை ஒன்று இருக்கிறது. அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்தருள்க.

அம்மாவுக்கு ஒரே ஒரு தங்கை. எனக்குச் சின்னம்மா. 1972 இல் தாதிப் பயிற்சிக்காக இங்கிலாந்து சென்றவர். அந்தக் காலத்தில் மலேசியாவிலிருந்து எத்தனையோ இளம்பெண்கள் அப்படிப் போனார்கள். அங்குள்ள மருத்துவமனைகளுக்குத் தாதியர் தேவைப்பட்டனர். பயிற்சிக் காலத்திலேயே உதவித்தொகையும் கிடைத்தது. ஆனால், போய்ச் சேர்வதற்கான விமானக் கட்டணம் நம் கையைக் கடிக்கும். தெலுக் இந்தானுக்கு அருகே ஒரு தோட்டத்தில் பால்மரம் சீவிக்கொண்டிருந்த தாத்தாவுக்கு அது எட்டாத தொகை. தாத்தா கடைக்காரரிடம் கடன் வாங்கினார். அதற்கும் மேலே குறைந்த பணத்திற்கு அம்மாவின் இரண்டு பவுன் சங்கிலி போனது. அம்மாவின் திருமணத்திற்காகப் பாட்டி சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கிய சங்கிலி அது. அம்மாவுக்கு அப்போது வயது இருபது. விடியற்காலைப் பெரட்டுக்கு நின்றுவிட்டு வெளிக்காட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

சுபாங் விமான நிலையத்தின் மேல்மாடத்தில் நின்று கையசைத்ததை அம்மா இன்றும் சொல்வார். விமானம் எது என்று தெரியாமல், கிளம்பிய எல்லா விமானங்களுக்கும் கையசைத்தார்களாம்!

சின்னம்மா இருமுறைதான் ஊருக்கு வந்தார். தாத்தா இறந்தபோது ஒருமுறை. என் அண்ணன் திருமணத்திற்கு ஒருமுறை. அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. பணி ஓய்வுக்குப் பிறகு இங்கேயே வந்துவிடப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குள் சிறுநீரகம் பழுதாகிவிட்டது. இப்போது வாரத்திற்கு மூன்று நாள்கள், திங்கள், புதன், வெள்ளி, இரத்தச் சுத்திகரிப்பு. அந்த உடம்போடு அவரால் பதின்மூன்று மணி நேரம் பறந்து வர இயலாது. 2024 ஆகஸ்டில் ஒருநாள் புலனம்வழிப் பேசிக்கொண்டிருந்தபோது அவர், "அக்கா, நீதான் வரணும். டிக்கெட்டுக்கு நான் பணம் அனுப்புறேன்," என்றார். அம்மா உடனே மறுத்துவிட்டார். அழைப்பு முடிந்ததும் என்னைப் பார்த்து, "அவ டிக்கெட்டுக்கு நான் கொடுத்தேன். அதைத் திருப்பி வாங்கிக்கிட்டா அது கடனாப் போயிடும்," என்றார்.

ஆக, பணம் என் கையிலிருந்து போக வேண்டும். தொடக்கப்பள்ளி ஆசிரியை ஒருத்தியின் சம்பளம், இரண்டு பிள்ளைகள், வீட்டுக்கடன்... விளக்க வேண்டியதில்லை, உங்களுக்கே தெரியும். கூட்டுறவுக் கழகத்தில் கடன் எடுக்கக்கூடாது என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டேன். இருவருக்கும் சேர்த்து ஏழாயிரம் வெள்ளிக்குள் பயணச்சீட்டு. அதுதான் என் எல்லை.

இந்த இடத்தில் ஒரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். 2009 மார்ச்சில் ஏர் ஆசியா எக்ஸ் கோலாலம்பூரிலிருந்து இலண்டன் ஸ்டான்ஸ்டெட் விமான நிலையத்திற்கு நேரடியாகப் பறக்கத் தொடங்கியது. மலிவு விலையில் இலண்டன் என்று ஊரெல்லாம் பேச்சு. அப்போது அம்மாவுக்கு முழங்கால் வலி கிடையாது. சின்னம்மாவும் நலமாக இருந்தார். எனக்குக் கைக்குழந்தை. "அடுத்த ஆண்டு போகலாம்" என்று மூன்று ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தேன். 2012 மார்ச் இறுதியில் அந்தச் சேவை நின்றுபோனது. எண்ணெய் விலையும் ஐரோப்பிய வரிகளும் கட்டுப்படியாகவில்லை என்றார்கள். அன்று தள்ளிப்போட்டதை நினைத்தால் இன்றும் மனம் உறுத்துகிறது.

சரி, தேடிய கதைக்கு வருவோம்.

ஆசிரியர்களாகிய நமக்கு உள்ள முதல் இடர், பள்ளி விடுமுறைதான். நாம் பறக்க இயலும் நாளில்தான் நாட்டில் உள்ள எல்லாக் குடும்பங்களும் பறக்க விரும்புகின்றன. டிசம்பரில் இலண்டனுக்கு விலை பார்த்தபோது ஒருவருக்கு ஆறாயிரம் வெள்ளியை நெருங்கியது. ஆனால், அந்த ஆண்டு நமக்கு ஒரு நல்வாய்ப்பு இருந்தது. பள்ளித் தவணை மார்ச்சில் தொடங்கியதால் ஆண்டிறுதி விடுமுறை ஜனவரி, பிப்ரவரிக்குத் தள்ளிப்போயிருந்தது. எங்கள் பேராக் மாநிலத்திற்கு 2025 ஜனவரி 18 முதல் பிப்ரவரி 16 வரை. இங்கிலாந்தில் அது கடுங்குளிர்க் காலம். கிறிஸ்துமஸ், புத்தாண்டுக் கூட்டம் ஓய்ந்து, விமானங்களில் இடம் கிடக்கும் காலம். நமக்குப் பள்ளி விடுமுறை, அங்கே ஆளில்லாப் பருவம். இரண்டும் ஒன்றாக அமைவது அரிது. இடையில் சீனப் புத்தாண்டு ஜனவரி 29 இல் வந்தது. அதற்கு முந்திய வாரம் விலை ஏறியும் பிந்திய வாரம் இறங்கியும் இருந்தது. ஆகவே பிப்ரவரி 3 புறப்பாடு, 14 திரும்புதல் என்று முடிவு செய்தேன். மூன்றாம் நாள் இரவு புறப்பட்டால் செவ்வாய்க்கிழமை போய்ச் சேரலாம். அன்று சின்னம்மாவுக்குச் சிகிச்சை கிடையாது என்பதும் ஒரு கணக்கு.

கூகல் ஃப்ளைட்ஸ், ஸ்கைஸ்கேனர் இரண்டிலும் நாள்தோறும் பார்த்தேன். விலை மாறினால் மின்னஞ்சல் வருமாறு அமைத்துக்கொள்ளலாம், அதையும் செய்தேன். செவ்வாய்க்கிழமை நள்ளிரவில் வாங்கினால் மலிவு, உலாவியின் மறைநிலையில் தேடினால் மலிவு என்று பலரும் சொன்னார்கள். எல்லாவற்றையும் முயன்று பார்த்தேன். எனக்கு ஒரு வெள்ளிகூட குறையவில்லை. உண்மையில் நடப்பது வேறு. சாதாரண வகுப்பு இருக்கைகளையே விமான நிறுவனம் பல விலைப் பிரிவுகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. மலிவுப் பிரிவு விற்றுத் தீர்ந்ததும் அடுத்த பிரிவின் விலை திரையில் வருகிறது. ஒரே வரிசையில் அமர்ந்து ஒரே சோற்றைச் சாப்பிடும் மூவர் மூன்று விலை கொடுத்திருப்பார்கள். இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. மலிவுப் பிரிவில் ஓர் இடம்தான் எஞ்சியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் இருவருக்கு என்று தேடினால் இருவருக்குமே அடுத்த பிரிவின் விலையைத்தான் காட்டும். ஆகவே ஒருவருக்கும் தேடிப் பாருங்கள், இருவருக்கும் தேடிப் பாருங்கள். ஆனால், முதியவரை அழைத்துப் போகிறவர்கள் தனித்தனிப் பதிவில் வாங்காதீர்கள். விமானம் தாமதமாகி மாற்று விமானம் தரும்போது இருவரையும் பிரித்துவிட வாய்ப்பிருக்கிறது.

திரும்பி வரும் பாதி ஏன் கூடுதல் விலை என்று தோண்டியபோது பிரிட்டனின் விமானப் பயணி வரியைப் பற்றி அறிந்தேன். அங்கிருந்து புறப்படும் ஒவ்வொரு பயணியிடமும் தூரத்திற்கேற்ப அது வாங்கப்படுகிறது. எங்கள் பயணத்தின்போது, 5,500 மைலுக்கு மேற்பட்ட ஊர்களுக்குச் சாதாரண வகுப்பில் 92 பவுண்டு. நம் பணத்தில் ஐந்நூறு வெள்ளிக்கு மேல்! நாம் இங்கிருந்து வாங்கும் இருவழிப் பயணச்சீட்டிலும் அது அடங்கியிருக்கிறது. நம் நாட்டுப் பக்கம் பயணிச் சேவைக் கட்டணம் 73 வெள்ளி, புறப்பாட்டுத் தீர்வை 20 வெள்ளி. ஒப்பிட்டுப் பாருங்கள். பெற்றோர் கவனத்திற்கு: பதினாறு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்குச் சாதாரண வகுப்பில் அந்தப் பிரிட்டன் வரி இல்லை.

நேரடி விமானம் ஒருவருக்கு 4,760 வெள்ளி காட்டியது. எல்லையைத் தாண்டிவிட்டது. மிகக் குறைந்தது 2,310 வெள்ளி. அதைக் கண்டதும் உண்மையில் துள்ளிக் குதித்தேன். வாங்கும் பொத்தானை அழுத்தும் நேரத்தில், அருகில் அமர்ந்திருந்த கணித ஆசிரியர் எட்டிப் பார்த்து, "டீச்சர், இது ஒரு டிக்கெட் இல்ல, இரண்டு டிக்கெட்," என்றார். கோலாலம்பூரிலிருந்து பேங்காக்கின் டோன் முவாங்கிற்கு ஒரு மலிவு விமானம். அங்கிருந்து இலண்டனுக்கு வேறொரு நிறுவனத்தின் விமானம். ஆனால், அது கிளம்புவது சுவர்ணபூமியிலிருந்து! இரண்டுக்கும் இடையே சாலைவழி நாற்பது கிலோமீட்டருக்கு மேல். பெட்டிகளை எடுத்துக்கொண்டு, தாய்லாந்துக்குள் நுழைந்து, வாடகை வண்டி பிடித்து, மறுபடியும் பெட்டிகளைப் பதிந்து... முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனத்திற்கு அதில் எந்தப் பொறுப்பும் இல்லை. எழுபத்திரண்டு வயது அம்மாவின் முழங்காலை மறந்துவிட்டு அறுநூறு வெள்ளிக்கு ஆசைப்பட்டேன். அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டால் மலிவு என்றும் ஒருவர் சொன்னார். தெலுக் இந்தானிலிருந்து சாங்கி வரை பேருந்தில் அம்மாவை உட்கார வைப்பதை எண்ணிப் பார்த்து அதையும் விட்டேன்.

கடைசியில், மத்தியக் கிழக்கில் ஒருமுறை மட்டும் இறங்கி ஏறும் விமானம். இடையில் மூன்று மணி நேர இடைவெளி, ஒரே பயணச்சீட்டு, பெட்டி நேரே இலண்டனில் கிடைக்கும். அம்மாவின் மருத்துவரும் ஏழு ஏழு மணி நேரமாகப் பிரித்துப் பறப்பது காலுக்கு நல்லது என்றார். விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் ஒருவருக்கு 3,118 வெள்ளி. இணைய முகவர் ஒருவரின் தளத்தில் அதே விமானம், அதே நாள், 2,978 வெள்ளி. இருவருக்கும் சேர்த்து 280 வெள்ளி மிச்சம். 2024 அக்டோபர் 19 ஆம் நாள் முகவரிடமே வாங்கினேன்.

இங்கேதான் அந்தப் 'பெயர்' வந்தது.

நம் இந்தியர்கள் எல்லாருக்கும் இந்தத் தொல்லை தெரிந்திருக்கும். நம் கடப்பிதழில் பெயர், அதன்பின் ஏ/எல் அல்லது ஏ/பி, அதன்பின் தந்தை பெயர். 'அனாக் லெலாக்கி', 'அனாக் பெரெம்புவான்' என்பதன் சுருக்கம். விமானப் பதிவுப் படிவமோ குடும்பப் பெயர் என்ன, முதற்பெயர் என்ன என்று கேட்கும். நமக்குக் குடும்பப் பெயரே கிடையாது. அந்தச் சாய்கோட்டைத் தட்டினால் படிவம் ஏற்காது. ஏன் என்று பின்னர்தான் அறிந்தேன். விமான நிறுவனங்களின் பதிவு முறையில் சாய்கோட்டுக்கு வேறு வேலை இருக்கிறது. குடும்பப் பெயரையும் முதற்பெயரையும் பிரித்துக் காட்டும் குறியே அதுதான். கடப்பிதழின் அடியில் கருவி படிக்கும் இரண்டு வரிகளிலும் சாய்கோட்டுக்கு இடமில்லை. ஒருவர் ஏ/பி-யை விட்டுவிடுங்கள் என்பார், இன்னொருவர் ஏபி என்று சேர்த்து எழுதுங்கள் என்பார். விமான நிறுவனத்தையே கேட்டு அவர்கள் சொல்வதுபோல் செய்வதுதான் சரி. நான் ஏ/பி-யை விட்டுவிட்டு, தந்தை பெயரைக் குடும்பப் பெயராக இட்டேன். அது பிழையாகவில்லை.

பிழை வேறிடத்தில். தாத்தாவின் பெயர் முத்து. இன்று யார் எழுதினாலும் எம்-யு-டி-எச்-யு என்றுதான் எழுதுவார்கள்; நானும் அப்படியே தட்டினேன். ஆனால், அம்மாவின் பிறப்புப் பத்திரத்தை எழுதிய தோட்டத்துக் கிராணி எம்-ஓ-ஓ-டி-ஓ-ஓ என்று எழுதி வைத்திருந்தார். அடையாள அட்டையிலும் கடப்பிதழிலும் அதுவே தொடர்ந்தது. டிசம்பர் முதல் வாரம் பிரிட்டனின் மின்னியல் பயண அனுமதிக்கு விண்ணப்பிக்கக் கடப்பிதழை எடுத்தபோதுதான் கண்டேன். (மலேசியர்களுக்கு 2025 ஜனவரி 8 முதல் அந்த அனுமதி கட்டாயமானது. எங்களுக்குக் கட்டணம் 10 பவுண்டு. 2025 ஏப்ரலில் 16 பவுண்டாக உயர்த்தினார்கள்.) இருபது ஆண்டுகளாக மாணவர்களின் எழுத்துப் பிழைகளைச் சிவப்பு மையால் சுழித்துக்கொண்டிருக்கும் எனக்கு, என் சொந்தத் தாத்தாவின் பெயரிலேயே பிழை!

விமான நிறுவனத்தை அழைத்தேன். "முகவரிடம் வாங்கியதால் அவர்தான் திருத்த வேண்டும்," என்றனர். முகவரின் தளத்தில் தொலைபேசி எண் இல்லை. உரையாடல் பெட்டி மட்டும். அதில் பதில் தருவது மனிதரா கருவியா என்றுகூட தெரியவில்லை. பெயரை மாற்ற முடியாது, புதிய சீட்டு வாங்குங்கள் என்று ஒருநாள். ஆவணம் அனுப்புங்கள் என்று ஒருநாள். அனுப்பினேன். மறுபடியும் அதே ஆவணத்தைக் கேட்டார்கள். அந்த நேரம் அதே விமானத்தின் விலை 4,200 வெள்ளியைத் தாண்டியிருந்தது. அம்மாவிடம் சொல்லவில்லை. ஆனால், என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். விவரம் சொன்னதும், "கிராணிக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். ஆனா எங்கப்பா பேரு அப்படித்தான், நீ ஏன் மாத்தினே?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

பதினோராம் நாள், 220 வெள்ளி கட்டணத்தோடு திருத்தம் வந்தது. 280 வெள்ளி மிச்சப்படுத்தி 220 வெள்ளி இழந்தேன். கையில் நின்றது அறுபது வெள்ளி. அந்த அறுபது வெள்ளிக்குப் பதினோரு நாள் வயிற்றெரிச்சல். மொத்தச் செலவு 6,176 வெள்ளி. இதுதான் நீங்கள் கேட்ட விலை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெளிநாடு செல்லும் அனுமதியைத் தலைமையாசிரியர்வழி முன்கூட்டியே பெற்றேன். சக்கர நாற்காலி உதவி இலவசம். முகவரின் தளத்தில் குறித்தால் போதும் என்று நம்பாமல் விமான நிறுவனத்தை நேரே அழைத்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். குளிர்ச் சட்டைகளைப் பண்டல் கடையில் வாங்கினோம். நாற்பது வெள்ளிக்கு அம்மாவுக்குக் கிடைத்த கம்பளிக் கோட்டைப் பார்த்து அங்கே சின்னம்மாவே வியந்தார். கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தில் அப்போது ஏரோடிரெய்ன் ஓடவில்லை. 2025 ஜூலையில்தான் மீண்டும் ஓடியது. பேருந்தில் துணைக் கட்டடத்திற்குப் போனோம். சக்கர நாற்காலியைத் தள்ளி வந்த தம்பி தமிழர். "பாட்டி, முதல் தடவையா?" என்று கேட்டார். அம்மா, "ஆமா தம்பி, ஐம்பத்து மூணு வருசமாக் கிளம்பிக்கிட்டு இருக்கேன்," என்றார்.

கிராய்டனில் சின்னம்மாவின் வீட்டு வாசலில் சிறிய பித்தளைப் பெயர்ப்பலகை ஒன்று இருந்தது. அதில் கிராணி எழுதிய அதே எம்-ஓ-ஓ-டி-ஓ-ஓ. மருத்துவமனையில் முப்பத்தைந்து ஆண்டுகள் அவரை 'நர்ஸ் மூட்டூ' என்றே அழைத்திருக்கிறார்கள். அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. ஆனால், அந்த எழுத்து வடிவத்தைத் தம் அடையாள அட்டையில் பார்த்துப் பழகியவர். கதவு திறப்பதற்குள் அதை விரலால் ஒருமுறை தடவினார்.

அந்தப் பத்து நாள்களில் நாங்கள் அதிகம் சுற்றவில்லை. சிகிச்சை நாள்களில் மருத்துவமனையில் அம்மா தங்கையின் பக்கத்தில் அமர்ந்து பழைய தோட்டத்து மனிதர்களை ஒவ்வொருவராகக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தார். யார் இருக்கிறார்கள், யார் இல்லை... தைப்பூசம் பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை. சிகிச்சை இல்லாத நாள். ஹைகேட் குன்றில் உள்ள முருகன் கோயிலுக்குப் போனோம். சின்னம்மாவுக்கும் ஒரு சக்கர நாற்காலி. இரண்டையும் மாறி மாறித் தள்ளியதில் எனக்கு நாரி விட்டுப்போனது.

கிளம்பும் முதல்நாள் இரவு, சமையலறையில் நான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். கூடத்தில் சின்னம்மாவின் குரல் கேட்டது.

"அக்கா, உண்மையைச் சொல்லு. டிக்கெட் எவ்வளவு?"

"என்ன பெரிய டிக்கெட்டு! இவதான் கம்ப்யூட்டர்ல தேடித் தேடி மலிவா எடுத்தா. ஒரு ஆளுக்கு ஆயிரத்து ஐந்நூறு வெள்ளி."

"போ அக்கா, அந்த விலைக்கு யார் தருவா?"

"ஏய், உனக்கு இப்ப ஊரு விலவாசி என்ன தெரியும்? அவகிட்ட வேணா கேட்டுப் பாரு."

சின்னம்மா சமையலறைப் பக்கம் திரும்பி என்னை அழைத்தார். குழாயைக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்துவிட்டுக்கொண்டேன்.